டிசம்பர் கையெழுத்துக்கு முன் கமிட்மென்ட்டை மாற்றுவது

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பள்ளிப் பையன் ஒருவன் ஒரு கல்லூரிக்கு ‘கமிட்’ ஆகிவிட்டதாக, அதாவது அங்கேதான் சேர்வேன் என்று, அறிவித்தால் அது வெறும் வாய்ச்சொல். அவனையும் கட்டாது, கல்லூரியையும் கட்டாது. கட்டுவது கையெழுத்து ஒன்றுதான். அதற்கான முதல் வாய்ப்பு இப்போது டிசம்பர் முதல் புதன்கிழமை வருகிறது. 2025-இல் டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்று நாள். அதை விட்டால் பிப்ரவரி முதல் புதன். 2017 டிசம்பருக்கு முன்பு பள்ளி மாணவர்களுக்குப் பிப்ரவரி மட்டும்தான் இருந்தது. 1964-இலிருந்து புழக்கத்தில் இருந்த ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்ற சேர்க்கை உறுதித் தாளை 2024 அக்டோபரில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. எடுத்துவிட்டது. இன்று கையெழுத்து என்றால் ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம். பணமும் பேசியிருந்தால் கூடவே, கல்லூரி தன் வருமானத்திலிருந்து வீரனுக்குப் பங்கு தரும் வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தம். ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்ததும் மற்றக் கல்லூரிகள் அந்தப் பையனைத் தொடர்புகொள்ளக் கூடாது. அதுவரை யாரும் கூப்பிடலாம். கூப்பிடுவார்கள்.

செய்தியில் வருவதெல்லாம் பெரிய தலைகளின் கதை. 2021 டிசம்பரில், அந்த ஆண்டின் முதல் தர வீரனாக மதிப்பிடப்பட்ட டிராவிஸ் ஹண்டர் கையெழுத்து நாளன்றே ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டு ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போனார். 2024 ஜனவரியிலிருந்து எல்.எஸ்.யூ.வுக்கு (லூசியானா ஸ்டேட்) கமிட் ஆகியிருந்த, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட், நவம்பர் 21 அன்று, கையெழுத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மிஷிகனுக்கு மாறினார். இவர்களைப் பார்த்து, கடைசி வாரம் வரை நேரம் இருக்கிறது என்று ஐந்துக்கு மூன்று ஸ்டார் ரேட்டிங் உள்ள பையனின் வீடு நினைத்தால் அங்கேதான் கோளாறு தொடங்கும். அண்டர்வுட்டுக்கு எந்தக் கல்லூரியும் எந்த நாளிலும் இடம் உண்டாக்கிக் கொடுக்கும். கார்டு, லைன்பேக்கர் போன்ற பொசிஷன்களில் ஆடும் நடுத்தர ரேட்டிங் பையனுக்கு அப்படிச் செய்யாது. அவன் யோசிக்க வேண்டிய மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். நவம்பர் கடைசியில் யோசிக்க ஆரம்பித்தால் வேறு இடங்கள் நிரம்பியிருக்கும்.

ஏன் நிரம்புகிறது என்றால் எண்கள் மாறிவிட்டன. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தில் பழைய 85 ஸ்காலர்ஷிப் வரம்பு போய், மொத்த ரோஸ்டரே (அணிப் பட்டியல்) 105 பேர் என்ற வரம்பு வந்தது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இது பொருந்தும். பெரிய கல்லூரிகள் எல்லாம் அதில் உண்டு. முன்பு 120, 130 பேர் வைத்திருந்த இடங்களில் இப்போது ஒரு ஆள் உள்ளே வர இன்னொரு ஆள் வெளியே போக வேண்டும். அதோடு, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். 2026-இல் அது ஜனவரி 2 முதல் 16 வரை திறந்தது. வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடி, உடம்பு முற்றிய இருபது வயதுக்காரன் கிடைப்பான் என்று தெரிந்தால், பதினேழு வயதுப் பையனுக்கு என்று வைத்திருந்த இடத்தை கோச் சும்மா விட்டுவைத்துக் காத்திருப்பார். பல கல்லூரிகள் பள்ளி வீரர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. ஆஃபர் கொடுப்பது மட்டும் குறையவில்லை. இருபது சொச்சம் இடத்துக்கு நூற்றுக்கணக்கான ஆஃபர் போகிறது. அதில் பாதிக்கு மேல், இன்று ‘சரி’ என்று சொன்னால் ‘கொஞ்சம் பொறு’ என்று பதில் வரும் ஆஃபர்.

ஆக, மறுபரிசீலனையை முதலில் தொடங்குவது பெரும்பாலும் கல்லூரிதான். சத்தமில்லாமல் செய்யும். அடையாளங்கள் தெரிந்திருந்தால் போதும். வாரம் இருமுறை கூப்பிட்ட பொசிஷன் கோச் (பையன் ஆடும் பொசிஷனுக்குப் பயிற்சி தருபவர்) நிறுத்திவிட்டு, உதவியாளர் ஒருவரிடமிருந்து எல்லாருக்கும் போகும் போஸ்டர் மெசேஜ் மட்டும் வருகிறதா? சீசன் ஆட்டங்களுக்கு அழைப்பு வரவில்லையா? ஏற்கெனவே கமிட் ஆன பையனிடம் உயரம் எடை மறுபடி கேட்கிறார்களா, இந்த சீசனின் முதல் நாலு ஆட்ட வீடியோ அனுப்பு என்கிறார்களா? அவனுடைய பொசிஷனிலேயே, பேசியிருந்த எண்ணிக்கைக்கு மேல் இன்னொரு பையனை எடுத்துவிட்டார்களா? ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. சீசனில் கோச்சுகளுக்கு உண்மையிலேயே நேரம் கிடையாது. மூன்று நாலு சேர்ந்து வந்தால் அக்டோபரிலேயே நேராகக் கேட்டுவிட வேண்டும். ‘கிரேஷர்ட்’ என்ற சொல் பேச்சில் வந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். மற்றவர்களோடு சேராமல் ஒரு செமஸ்டர் தள்ளி, அடுத்த ஜனவரியில் வந்து சேர் என்பது அது. ‘ப்ரிஃபர்டு வாக்-ஆன்’ என்றால் இடம் உண்டு, பணம் கிடையாது. 105 வரம்புக்குப் பிறகு அந்த இடத்துக்கும் முன்பிருந்த உத்தரவாதம் இல்லை.

நேராகக் கேட்பது என்றால் எப்படி? ‘இன்னும் என்னை வேண்டுமா கோச்’ என்று கேட்டால் ‘கண்டிப்பாக’ என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு. டிசம்பர் புதன்கிழமை எனக்கு ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம் வருமா? ஒரு வருடத்துக்கா, நாலு வருடத்துக்கா? எழுத்தில் எப்போது தருவீர்கள்? பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல் கல்லூரி எழுத்துபூர்வமாக ஆஃபர் கொடுக்கலாம். அக்டோபர் நடுவிலும் காகிதம் வரவில்லை என்றால், கொடுக்க முடியாததால் இல்லை, கொடுக்க மனமில்லாததால். இந்தக் கேள்வியைப் பையன் பொசிஷன் கோச்சிடம் கேட்கலாம். பதில் வழவழ என்று வந்தால் பள்ளி கோச் மூலமாக, ரெக்ரூட்டிங்கைக் கவனிக்கும் பர்சனெல் டைரக்டரிடம் கேட்க வேண்டும். இடக் கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இதை யாரும் போடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. கல்லூரியின் வெப்சைட்டில் ரோஸ்டர் முழுக்கக் கிடக்கிறது. ஒரு கார்னர்பேக்கை எடுத்துக்கொள்வோம். ரோஸ்டரில் பத்து கார்னர்பேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் சீனியர், போய்விடுவார்கள். மிச்சம் எட்டு. அந்த எட்டில் எத்தனை பேர் முதல் இரண்டு வருடத்தில் இருக்கிறார்கள்? ஐந்து என்றால், அவர்கள் எல்லாரும் இவன் மூன்றாம் வருடம் வரும்போதும் அங்கேயே இருக்கலாம். இவனோடு சேர்ந்து கமிட் ஆனவர்கள் இருவர். போன ஜனவரியில் போர்ட்டலில் இதே பொசிஷனுக்கு எத்தனை பேரை எடுத்தார்கள்? இரண்டு வருடமாக ஆண்டுக்கு மூன்று பேர் என்றால், அந்தக் கோச்சுக்குப் பள்ளிப் பையனை வளர்த்தெடுக்கும் பொறுமை இல்லை என்று அர்த்தம். பேச்சில் அவர் என்ன சொன்னாலும் சரி. கடைசியாக, போன மூன்று வருடத்தில் எடுத்த பள்ளிக் கார்னர்பேக்குகளில் இன்னும் அங்கே இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை ஆட்டத்தில் இறங்கினார்கள்? நாலு ஆட்டம் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட் வருடம், அதாவது ஆடும் தகுதிக் காலத்தில் கணக்கில் சேராத வருடம், கெடாது. அந்த நாலு ஆட்டம்கூடக் கொடுக்காமல் புதுப் பையன்களை உட்கார வைக்கிறார்களா என்று பாருங்கள். இந்தக் கணக்கை கமிட் ஆன இடத்துக்கும், கூப்பிடும் புது இடத்துக்கும் ஒரே மாதிரி போட வேண்டும். பழைய இடத்தைக் குறை தேடும் கண்ணாலும் புது இடத்தை ஆசைக் கண்ணாலும் பார்ப்பதுதான் வழக்கம்.

கோச் வேலை போவது இன்னொரு சங்கதி. 2025-இல் பென் ஸ்டேட் அக்டோபர் 12 அன்று ஹெட் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினை நீக்கியது, ஃப்ளோரிடா ஒரு வாரம் கழித்து பில்லி நேப்பியரை, எல்.எஸ்.யூ. அந்த மாதக் கடைசியில் பிரையன் கெல்லியை. ஃப்ராங்க்ளின் வர்ஜீனியா டெக்குக்குப் போனதும் பென் ஸ்டேட்டுக்கு கமிட் ஆகியிருந்த பையன்கள் பலர் அவர் பின்னால் போனார்கள். டிசம்பரில் பென் ஸ்டேட்டில் கையெழுத்திட்ட பள்ளி வீரர்களை விரல்விட்டு எண்ணலாம். லேன் கிஃபின் மிசிசிப்பியை விட்டு எல்.எஸ்.யூ.வுக்குப் போவது தெரிந்தது நவம்பர் 30. கையெழுத்து டிசம்பர் 3. நடுவில் இரண்டே நாள். கையெழுத்து நாளைக் கான்ஃபரன்ஸ் (கல்லூரிக் கூட்டமைப்பு) இறுதி ஆட்டங்களுக்கு முன்னால் நகர்த்தியதன் விளைவு இது. கோச்சுகள் மாறும் வாரமும் பையன்கள் கையெழுத்திடும் வாரமும் இப்போது ஒன்றாகிவிட்டன. இதைவிட மோசமான கால அட்டவணையை வேண்டுமென்றே போட்டிருக்க முடியாது.

ஹெட் கோச் போனால் முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் எதுவும் அறிவிக்க வேண்டாம். பொசிஷன் கோச் இருக்கிறாரா, ஆட்டத் திட்டம் போடும் கோஆர்டினேட்டர் யார், ஆட்ட முறை மாறுமா என்பதைப் பார்க்க வேண்டும். பந்தை வீசுவதை நம்பும் ஏர் ரெய்டு முறை ஆடும் இடத்துக்கு கமிட் ஆன ஸ்லாட் ரிசீவருக்கும், ஓடும் ஆட்டத்தை நம்பும் இடத்துக்கு கமிட் ஆன ஃபுல்பேக்குக்கும் புது கோஆர்டினேட்டர் வந்தால் வேலையே இல்லாமல் போகலாம். ஒரு கல்லூரிக்கு ஒரு அஃபிஷியல் விசிட்தான் என்பது விதி. ஹெட் கோச் மாறினால் அதே கல்லூரிக்கு இன்னொரு முறை அவர்கள் செலவில் போகலாம். இந்தச் சலுகை பல வீடுகளுக்குத் தெரியாது. டிசம்பர் முதல் வாரத்தில் போக நேரம் இருக்காது. ஆனால் அக்டோபரில் நீக்கி நவம்பரில் புது ஆள் வந்தால் போய்ப் பார்க்கலாம்.

மாற்று இடத்தைப் பார்க்கப் போவதற்கும் ஒழுங்கு இருக்கிறது. கமிட் ஆன பையன் வேறு கல்லூரிக்கு விசிட் போனால் அந்த நிமிடமே அவன் கமிட் இல்லை என்று சொல்லும் கோச்சுகள் நிறைய. சிலர் கண்டுகொள்வதில்லை. கமிட் ஆகும் நாளிலேயே ‘விசிட் பற்றி உங்கள் விதி என்ன’ என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் இப்போது கேட்கக் கூடாது. கேட்டாலே விஷயம் புரிந்துவிடும். மறைத்துப் போக முடியாது. மைதான ஓரத்தில் நிற்கும் ரெக்ரூட்களைப் படம் எடுக்கவே ஆள் உண்டு. ஆட்டம் முடிவதற்குள் விஷயம் பழைய கோச்சுக்குப் போய்விடும். அஃபிஷியல் விசிட்டில் இரண்டு இரவு தங்கலாம்; பையனுக்கும் குடும்பத்தில் இருவருக்கும் போக்குவரத்துச் செலவைக் கல்லூரி ஏற்கலாம். சொந்தச் செலவில் போகும் அனஃபிஷியல் விசிட்டுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வருவதில் பயன் குறைவு. ஞாயிறு காலை தங்கி, அதே பொசிஷனில் ஆடும் இரண்டாம் வருடப் பையனோடு கோச் இல்லாத நேரத்தில் சாப்பிடுவது உருப்படியான விஷயம். அவனிடம் ஒரே கேள்வி போதும்: போன வருடம் உனக்கு என்ன சொன்னார்கள், என்ன நடந்தது?

பணத்துக்கு வருவோம். வீரன் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கும் என்.ஐ.எல். 2021 ஜூலை 1-இல் வந்தது, 2025 ஜூலை 1 முதல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம். முதல் ஆண்டு வரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர். பெரிய கல்லூரிகளில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்குத்தான். வெளி நிறுவனம் தரும் 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட என்.ஐ.எல். ஒப்பந்தங்களை ‘என்.ஐ.எல். கோ’ என்ற இடத்தில் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். எனவே புது இடம் ‘மொத்தம் இவ்வளவு’ என்று ஒரு தொகை சொன்னால், அதில் கல்லூரி தருவது எவ்வளவு, வெளியாள் தருவதாகச் சொல்வது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். முதல் பகுதி ஒப்பந்தத்தில் இருக்கும். இரண்டாவது அனுமதி கிடைக்காமலும் போகலாம்.

ஜேடன் ரஷாடா விவகாரம் நினைவிருக்கும். மயாமிக்கு கமிட் ஆகியிருந்த குவார்ட்டர்பேக் 2022 நவம்பரில் ஃப்ளோரிடாவுக்கு மாறினார். பின்னால் ஆதரவாளர்கள் தரப்பின் 13.85 மில்லியன் டாலர் ஒப்பந்தம் இருந்தது. அது முறிந்தது. டிசம்பரில் போட்ட கையெழுத்திலிருந்து ஜனவரியில் விடுவிக்கப்பட்டு அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனார். 2024 மே மாதம் வழக்கும் போட்டார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்களே, அது. தொகை சின்னதாக இருந்தாலும் சிக்கல் அதே மாதிரிதான் வரும்.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது தொகை இருக்கும் வரியை அல்ல, முறிக்கும் பிரிவை. யார், எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் அறிவிப்பில் முறிக்கலாம்? காயம்பட்டால்? ஹெட் கோச் போனால்? பையன் போர்ட்டலுக்குப் போனால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டுமா, மிச்ச மாதங்களுக்கும் சேர்த்து அபராதம் உண்டா? மாதாமாதம் வருமா, சீசன் முடிந்து மொத்தமாகவா? பையன் பதினெட்டு ஆகாதவன் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அதனால் வீட்டில் ஒருவராவது முழுதும் படித்திருக்க வேண்டும். ஒரு ஒப்பந்த வக்கீலுக்கு இரண்டு மணி நேரக் கட்டணம் கொடுத்துப் படிக்கச் சொல்வது, சதவீதம் கேட்கும் ஏஜென்ட்டைவிட மலிவு. என்.எஃப்.எல்.லில் ஏஜென்ட் அதிகபட்சம் 3 சதவீதம்தான் வாங்கலாம். கல்லூரி அளவில் அப்படிப் பொதுவான உச்சவரம்பு இல்லாததால் அதைவிடப் பல மடங்கு கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரி பிடிக்காமல் வரும் பணத்துக்கு வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. காலாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். குடும்ப வருமானத்தை வைத்து அரசு உதவித்தொகை வாங்கும் வீடு என்றால் இந்த வருமானம் அதையும் பாதிக்கும்.

இனி வரிசை. மனம் மாறியாயிற்று என்றால், முதலில் புது இடத்தின் எழுத்து ஆஃபர் கைக்கு வர வேண்டும். ‘நீ வெளியே வா, மறுநாள் அனுப்புகிறோம்’ என்பவரை நம்பக் கூடாது. அடுத்து அட்மிஷன். இதில்தான் நவம்பர் மாற்றங்கள் பல சிக்கித் திணறுகின்றன. ஜனவரியிலேயே கல்லூரியில் சேரும் பையன் டிசம்பரில் பள்ளியை முடிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தின் இரண்டாம் பாதியைக் கோடையிலோ ஆன்லைனிலோ முடித்திருப்பான், பழைய கல்லூரி அதை ஏற்றிருக்கும், புதியது ஏற்காமல் போகலாம். என்.சி.ஏ.ஏ. தகுதிக்கு 16 கோர் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்); அந்த 16-இல் 10 பாடத்தை ஏழாவது செமஸ்டர் (பன்னிரண்டாம் வகுப்பு) தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியல். இது எல்லா இடத்துக்கும் பொது. ஆனால் கல்லூரியின் சொந்த அட்மிஷன் தரம் வேறு. ஸ்டான்ஃபர்ட் போன்ற இடத்தில் அட்மிஷன் ஆபீஸ் ‘சரி’ சொல்லாமல் கோச்சால் ஒன்றும் ஆகாது. பள்ளிக் கவுன்சலரிடம் சொல்லி டிரான்ஸ்கிரிப்ட்டைப் புது இடத்துக்கு அனுப்பி, ‘ஜனவரியில் சேரலாம்’ என்று அட்மிஷன் ஆபீஸிலிருந்தே பதில் வாங்க வேண்டும். கோச் சொன்னார் என்பது போதாது.

இவை முடிந்த பிறகே போன். பையன்தான் பேச வேண்டும், அப்பா அல்ல. முதலில் பொசிஷன் கோச், உடனே ஹெட் கோச். இரண்டு நிமிடம் போதும்: நான் வேறு இடத்துக்குப் போக முடிவு செய்துவிட்டேன், எனக்காகச் செலவழித்த நேரத்துக்கு நன்றி, வேறு யார் மூலமாகவும் உங்களுக்குத் தெரியக் கூடாது என்று நானே கூப்பிட்டேன். காரணம் கேட்பார்; கணக்கு எல்லாம் விளக்கினால் அதற்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி ஒரு மணி நேரம் இழுப்பார், கண்ணில் தண்ணீரோடு பையன் ‘சரி கோச், இருக்கிறேன்’ என்று முடிப்பான். இது அடிக்கடி நடக்கிறது. கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளலாம், பதில் வேண்டாம். இந்தத் தொழிலில் கோச்சுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுகிறார்கள். இன்று போனை வைத்தவர் நாளை போர்ட்டல் நேரத்தில் இதே பையனைக் கூப்பிடும் இடத்தில் இருக்கலாம். பள்ளி கோச்சுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடுத்த வருடம் அந்தப் பள்ளியின் வேறு பையன்களைப் பார்க்க அதே கல்லூரி வர வேண்டுமே. எக்ஸ் தளத்தில் அறிவிப்பு இதற்கெல்லாம் பிறகு. நாலு வரி, பழைய இடத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை, போதும்.

புது இடம் எதுவும் உறுதியாகாமல் ‘டிகமிட்’ அறிவித்து, பிறகு தேடலாம் என்பது ஒரு பள்ளி நட்சத்திரத்துக்கு மட்டும் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு விதிவிலக்கு ஒன்றுதான்: பழைய இடம் கழற்றிவிடப் போகிறது என்று தெளிவாகத் தெரிந்தால், அவர்கள் சொல்லுமுன் இவனே வெளியே வருவது நல்லது. தானாக வந்தவனை மற்றக் கோச்சுகள் பார்க்கும் விதம் வேறு, கழற்றிவிடப்பட்டவனைப் பார்க்கும் விதம் வேறு.

கையெழுத்துப் புதன்கிழமை காலை உள்ளூர் நேரம் 7 மணிக்குத் தொடங்குகிறது. ஒப்பந்தம் மின்னஞ்சலில் லிங்க்காக வரும். பெற்றோருக்குத் தனி லிங்க். மகனுடைய பள்ளி மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், பள்ளி ஃபில்ட்டர் அதைத் தடுத்து அரைநாள் பதற்றம் உண்டாகும். சொந்த மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். திறந்ததும் சேரும் செமஸ்டர், எத்தனை வருடம், ஃபீஸ் தவிர தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் இருக்கிறதா என்று, அக்டோபரில் வந்த காகிதத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது குறைந்தால் பள்ளி ஜிம்மில் கல்லூரித் தொப்பியைப் போட்டுக் காட்டும் விழா காத்திருந்தாலும் கையெழுத்திட வேண்டாம். விழா எப்படியும் நடக்கலாம், தாள் வெள்ளிக்கிழமை வரை போடலாம். முந்தின நாள் கோச் போய்விட்ட இடம் என்றாலும் இதே வெள்ளிக்கிழமை வரையான அவகாசத்தை எடுத்துக்கொள்ளலாம். பிப்ரவரி வரை தள்ளுவது மட்டும் யோசித்துச் செய்ய வேண்டியது. நடுவில் ஜனவரியில் போர்ட்டல் திறந்து மூடிவிடும், மிச்சமிருக்கும் இடங்களை அதுதான் தீர்மானிக்கும். கையெழுத்துக்குப் பிறகும் கோச் போகலாம். ஹெட் கோச் நிக் சேபன் அலபாமாவில் ஓய்வை அறிவித்தது 2024 ஜனவரி 10, டிசம்பர் கையெழுத்துகள் முடிந்து மூன்று வாரம் ஆன பிறகு. அங்கே சேர்ந்திருந்த குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயின் அதே மாதம் போர்ட்டல் வழியாக ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். அதனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பி.டி.எஃப்.பை அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டலுக்குப் போக வேண்டி வந்தால் முறிக்கும் பிரிவை மறுபடி படிக்க வேண்டியிருக்கும், அப்போது பழைய லிங்க் திறக்காது.